இப்ப இல்ல, ஏழு மணிக்கு!

நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கத்துக் கடிதங்களைப் பிரித்தால் இந்த முறை எல்லாவற்றிலும் ஒரே புலம்பல்: "நேரமே இல்லைங்க." அதை இரண்டு பக்கத்துக்கு எழுத மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்திருக்கிறது. ஆகவே இந்த வாரம் முழுக்க நேர விசாரணைதான்.

உரக்கடைக்காரர், நாகலாபுரம்

கேள்வி: காலையில கடை தொறந்ததும் நாலு பேரு வந்து உக்காந்துருதாங்க. பேப்பர் படிப்பாங்க, ஊர்க்கதை பேசுவாங்க, ஒரு டப்பா மருந்து வாங்க மாட்டாங்க. எல்லாம் சொந்தக்காரங்க. எந்திரிங்கன்னு எப்படிச் சொல்ல?

பதில்: சொல்லவே வேண்டாம், நாற்காலியைக் குறையுங்கள். 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்றது. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்று கால் வீங்கியவர்களுக்காக வந்த நல்ல சட்டம். அதில் ஊர்க்கதை பேசுபவருக்கு இருக்கை என்று எங்கேயும் இல்லை. உங்களுக்கு ஒன்று, கடைப் பையனுக்கு ஒன்று, வாங்க வருகிறவருக்கு ஒன்று. மிச்சத்தை உள்ளே தூக்கிப் போடுங்கள். பேப்பரை மத்தியானத்துக்கு மேல் வெளியே வையுங்கள். நின்றுகொண்டே பேசினால் பத்து நிமிஷத்தில் முழங்கால் பஞ்சாயத்தை முடித்துவைக்கும். சொந்தமும் கெடாது.

மினி பஸ் பயணி, புதூர்

கேள்வி: 'அஞ்சு நிமிஷம்' என்றால் எவ்வளவு நேரம்?

பதில்: டீக்கடையில் சொன்னால் அரை மணி. ஆபீசில் சொன்னால் நாளைக்கு. போனைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டில் சொன்னால், சோறு ஆறி, குழம்பு ஆறி, சமைத்தவர் மட்டும் சூடாக இருக்கும் வரைக்கும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்ட டிரைவர் சொன்னால்தான் அது அஞ்சு நிமிஷம்.

மிளகாய்ச் சம்சாரி, நாகலாபுரம்

கேள்வி: தை பிறந்தா வத்தல் எடுப்பு. அதே தை, மாசியிலதான் கல்யாணம், காதுகுத்து, பால்காய்ப்பு எல்லாம். போகலைன்னா கோவிச்சுக்கிடுதாங்க. போனா களத்துல வேலை கெட்டுப்போகுது. என்ன செய்ய?

பதில்: உங்கள் வத்தலுக்கு முகூர்த்தம் பார்க்கத் தெரியாது. பறித்த பழத்தைக் குவித்தே வைத்திருந்தால் வெந்துபோகும். களத்தில் காயும்போது பனியோ மழையோ பட்டால் வெளுத்துப்போகும். வெளுத்த வத்தலைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு வியாபாரி உதட்டைப் பிதுக்குவாரே, அந்த உதட்டுக்கு என்ன விலை என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஊரிலேயே இதற்கு ஒரு விதி உண்டு: நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகணும். அதையே பிடித்துக்கொள்ளுங்கள். துட்டி வீடு என்றால் வத்தலை விட்டுவிட்டுப் போங்கள். கல்யாணம் என்றால் முந்தின நாள் ராத்திரியோ முகூர்த்தமோ ஏதாவது ஒன்று. காதுகுத்துக்கு வீட்டிலிருந்து ஒருவர் போதும். மொய் நோட்டில் பெயருக்கும் ஊருக்கும் தொகைக்கும்தான் இடம். எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை பந்தி பார்த்தார் என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் போகப்போவதில்லை என்பதை முன்கூட்டியே நேரில் சொல்லிவிடுங்கள். கோபம் வருவது வராததற்கு அல்ல, சொல்லாததற்கு.

பருத்தி எடுக்கப் போகும் குடும்பத் தலைவி, விளாத்திகுளம் பக்கம்

கேள்வி: எனக்குன்னு அரை மணி நேரம் ஒதுக்கணும்னு டிவியில ஒரு டாக்டரம்மா சொன்னாங்க. எதுல இருந்து ஒதுக்க?

பதில்: சரியான கேள்வி. உங்களுக்குப் பதில் சொல்லும் முன் உங்கள் வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள்.

ஐயா, 2019இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரக் கணக்கு எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையை 100 பெண்களில் 81 பேர் செய்தார்கள், 100 ஆண்களில் 26 பேர்தான். செய்த பெண் ஒரு நாளில் 299 நிமிஷம் செய்தார். செய்த அந்த அபூர்வ ஆண் 97 நிமிஷம். வித்தியாசம் மூன்று மணி நேரத்துக்கு மேல். இது போக உங்கள் வீட்டில் புஞ்சை வேலை வேறு. நேர நிர்வாகம் பற்றிப் புத்தகம் எழுதும் பெரிய மனிதர்களின் வீட்டிலும் யாரோ ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டுதான் இருக்கிறார்.

அம்மா, இனி உங்களுக்கு. அரை மணி நேரத்தை உங்கள் தூக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். வேலையிலிருந்து எடுங்கள். தண்ணி பிடிப்பது, பாத்திரம், பிள்ளையைக் குளிப்பாட்டுவது: இதில் ஏதாவது ஒன்றை முழுசாக அவர் தலையில் கட்டுங்கள். 'உதவி' என்று கேட்காதீர்கள். உதவி என்றால் நினைத்தால் செய்வார். பொறுப்பு என்றால் செய்தே ஆகவேண்டும். முதல் வாரம் அவர் கழுவிய பாத்திரத்தில் பிசுக்கு இருக்கும். திரும்ப எடுத்துக் கழுவிவிடாதீர்கள், அந்த வேலை உங்களிடமே வந்துவிடும்.

ஜோதிட நம்பிக்கையாளர், எட்டயபுரம்

கேள்வி: ராகு காலம், எமகண்டம், குளிகைன்னு பாத்தா பகல்ல பாதி நேரம் போயிருது. மிச்ச நேரத்துல என்னத்தைச் செய்ய?

பதில்: இருக்கிறதிலேயே நல்ல நேரம் ராகு காலம்தான், யாரும் கவனிக்கவில்லை. ராகு காலத்தில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள்? தொடங்கியதை முடிக்கக் கூடாது என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லையே! திங்கள் 7.30 முதல் 9, சனி 9 முதல் 10.30, வெள்ளி 10.30 முதல் 12, புதன் 12 முதல் 1.30, வியாழன் 1.30 முதல் 3, செவ்வாய் 3 முதல் 4.30, ஞாயிறு 4.30 முதல் 6. தினம் ஒன்றரை மணி நேரம். பெண் பார்க்க வர மாட்டார்கள், நிலம் பேச வர மாட்டார்கள், கடன் கேட்கக்கூட நல்ல நேரம் பார்த்துத்தான் வருவார்கள். பாதியில் நிற்கும் வேலையை எல்லாம் அப்போது உட்கார்ந்து முடியுங்கள். நம்பிக்கை உள்ளவருக்கும் பலன், இல்லாதவருக்கும் பலன்.

கணக்கர், தீப்பெட்டி ஆலை, கோவில்பட்டி

கேள்வி: ராத்திரி பத்து மணிக்கு மேல 'நாளைக்கு லோடு என்னாச்சு'ன்னு முதலாளி வாட்ஸப்ல கேக்காரு. நீல டிக் விழுந்தா பதில் சொல்லணும். விழலைன்னா காலையில 'போனைக்கூடப் பாக்க மாட்டீரோ'ங்காரு. இதுக்குச் சட்டம் கிட்டம் இருக்கா?

பதில்: பிரான்சில் 2017 முதல் இருக்கிறது. வேலை நேரம் முடிந்த பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்வது தொழிலாளியின் உரிமை என்றார்கள். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. நம் நாடாளுமன்றத்தில் 2018இல் சுப்ரியா சுலே ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், சட்டமாகவில்லை.

ஆனால் வேலை நேரத்துக்கு வரப்பு கட்டுவதில் உங்கள் மாவட்டம் பிரான்சுக்கு அண்ணன். 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னால் நின்றவர்கள் ஓட்டப்பிடாரம் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். கேட்டது என்ன? கூலி உயர்வு மட்டும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் எங்களுக்கு வேண்டும், நாளுக்கு இத்தனை மணிக்கு மேல் உனக்கில்லை என்பதும்தான். வெள்ளைக்கார நிர்வாகம் பத்து நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அதே மார்ச்சில் வ.உ.சி. கைதானார். இன்றைக்கு நாம் ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து, சாப்பிட்டு, குறட்டை விடுகிறோமே, அதற்கு யாரோ ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள்.

1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1948 தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு போட்டது. அந்த முதல் மே தினத்துக்கு நூறு வருஷம் கழித்தும் கோடு அழியப் பார்க்கும்: 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்திலேயே 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

சரி, உங்கள் முதலாளிக்கு வருவோம். சண்டை வேண்டாம். சாயங்காலம் கிளம்பும்போது நீங்களே ஒரு செய்தி போட்டுவிடுங்கள்: இன்றைக்கு இத்தனை பண்டல் ஏறியது, நாளைக்கு இத்தனை மணிக்கு லாரி, பாக்கி இவ்வளவு. ராத்திரி பத்து மணிக்கு அவர் கேட்பது லோடு பற்றிய சந்தேகம் இல்லை, தூக்கம் வராத பயம். பயத்துக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்துவிட்டால் பாதிக் கேள்வி நின்றுபோகும். அப்படியும் கேட்டால், காலையில் ஆலைக்குள் கால் வைத்ததும் முதல் வேலையாகப் பதில் சொல்லுங்கள். பத்து நாள் தவறாமல் காலையிலேயே பதில் வந்தால் அவரும் காலையிலேயே கேட்கப் பழகுவார். அப்புறம், அந்த நீல டிக்கை அணைத்து வைக்க வாட்ஸப்பிலேயே வழி உண்டு.

போட்டித் தேர்வு எழுதும் மாணவி, நாகலாபுரம்

கேள்வி: குரூப் 4க்குப் படிக்கேன். டெலிகிராம்ல முப்பது குரூப்புல இருக்கேன். தினம் பி.டி.எஃப். வருது. படிக்க நேரம் பத்தலை.

பதில்: நீங்கள் படிக்கவில்லை, சேர்க்கிறீர்கள். 200 கேள்வி, மூன்று மணி நேரம்: ஒரு கேள்விக்கு 54 விநாடி. அதில் 100 கேள்வி தமிழ். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள தமிழ்ப் பாடப் புத்தகங்களை இரண்டு தடவை திருப்பியவருக்கு முப்பது குரூப் எதற்கு? ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்திலிருந்து இன்றே வெளியேறுங்கள். தேர்வு அறைக்குள் போன் வராது. எனவே போன் இல்லாத மூன்று மணி நேரத்தை வீட்டிலேயே பழக வேண்டும். ஒரே மூச்சில் முடியாவிட்டால் ஒரு மணி நேரத்தில் தொடங்குங்கள். போனை அணைத்து மேஜையில் வைத்தால் கை போகும். அடுத்த அறையில் பாட்டியிடம் கொடுத்துவையுங்கள். பாட்டி தர மாட்டார்.

ஆசிரியை, கோவில்பட்டி

கேள்வி: 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு என்று ஒரு தக்காளி முறை சொல்கிறார்களே, பலன் உண்டா?

பதில்: உண்டு. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிக்காரர் 1980களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறை மணியைத் திருகிவைத்துப் படித்துக் கண்டுபிடித்தது. நம் பக்கம் கண்டுபிடித்திருந்தால் மிளகாய் முறை ஆகியிருக்கும், இன்னும் வேகமாகவும் வேலை நடந்திருக்கும். ஒரே சிக்கல், தக்காளி உங்களைத்தான் கட்டுப்படுத்தும். உங்கள் மாமியாரையும் ஹெட்மாஸ்டரையும் கட்டுப்படுத்தாது. மணியைத் திருகும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1955இல் எழுதினார்: ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோமோ அவ்வளவு நேரத்துக்கும் அது உப்பிக்கொள்ளும். ஒரு கட்டு விடைத்தாளுக்கு ஞாயிறு முழுக்க ஒதுக்கினால் ராத்திரி வரை இழுக்கும். பதினோரு மணிக்குள் என்றால் பதினொன்றரைக்காவது முடியும்.

எட்டாம் வகுப்பு மாணவன், கழுகுமலை

கேள்வி: எங்கப்பா போன்ல ரீல்ஸ் பாத்துக்கிட்டே 'படிடா படிடா'ங்காரு. நான் என்ன சொல்லட்டும்?

பதில்: நீ ஒன்றும் சொல்லாதே தம்பி, அடி விழும். நான் சொல்கிறேன். அண்ணாச்சி, எட்டயபுரத்துப் பாரதி பாப்பாவுக்கு எழுதிய பாட்டில் படிப்புக்கு ஒரு நேரம், பாட்டுக்கு ஒரு நேரம், விளையாட்டுக்கு முழு மாலை என்று அழகாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்குத் தனியாக எழுதாதது அவர் செய்த தப்பு. எட்டு மணி வரை போன் அலமாரியில், உங்களுடையதும் சேர்த்து. பையன் பாடப் புத்தகம் திறக்கும்போது நீங்கள் பேப்பராவது திறங்கள்.

ஓய்வு பெற்ற தபால்காரர், கயத்தாறு

கேள்வி: மத்தியானம் கண் அசந்தால் 'லோன் வேணுமா சார்' என்று போன். தூக்கம் போச்சு.

பதில்: 1909க்கு 'ஸ்டார்ட் 0' என்று குறுஞ்செய்தி அனுப்புங்கள், ஆங்கில எழுத்தில். விளம்பர அழைப்புகளைத் தடுக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு. அதற்குப் பிறகும் ஊருக்குள்ளிருந்தே யாராவது லோன் வேணுமா என்று கேட்டால் உடனே வாங்கிவிடுங்கள். அப்புறம் அவர் உங்கள் பக்கமே வர மாட்டார்.

பட்டதாரி விவசாயி, நாகலாபுரம்

கேள்வி: இந்தப் போனைத் தூக்கி எறிஞ்சிரலாமா?

பதில்: தவணை முடிந்ததா? முடிந்தாலும் வேண்டாம். உங்கள் ஊர் வேலிக்கருவையைப் பாருங்கள். வேலிக்கும் விறகுக்கும் ஆகும் என்று கொண்டுவந்தார்கள். வேலியில் நின்றது புஞ்சைக்குள் இறங்கி, கண்மாய்க்குள் இறங்கி, தரிசு முழுக்க அதுதான். ஆனால் அதையே வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கும் குடும்பமும் உங்கள் பக்கத்தில் ஏராளம். ஒரேயடியாக நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. எங்கே நிற்கலாம் என்பதுதான் கேள்வி. வத்தல் விலை பார்க்க, மழைச் செய்தி பார்க்க, பட்டா சிட்டா நகலை ஆபீசுக்கு நடக்காமல் வீட்டிலிருந்தே எடுக்கப் போன் வேண்டும். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலும் தலையணைக்கு அடியிலும் வேண்டாம். அங்கே முளைத்ததை மட்டும் வேரோடு பிடுங்குங்கள்.

மானாவாரிச் சம்சாரி, புதூர்

கேள்வி: மழையை நம்பிப் பொழைக்கிறவனுக்கு டைம் டேபிள் ஒரு கேடா?

பதில்: உங்களிடம்தான் அசல் அட்டவணை இருக்கிறது, மணிக்கணக்கில் இல்லை, அவ்வளவுதான். கோடை உழவு எப்போது, புரட்டாசி விதைப்பு எப்போது, களை எப்போது என்று பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மழை பெய்த மறுநாள் கரிசலில் கால் வைத்தால் பூட்ஸ் போட்ட மாதிரி மண் அப்பிக்கொள்ளும், இறங்க முடியாது. விட்டுவிட்டால் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும், கொழு இறங்காது. நடுவில் கிடைக்கும் கொஞ்ச நாள்தான் ஈரப்பதம். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் இந்த மண்ணோடு மல்லுக்கட்டுகிறது. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருக்கும் முறையும் அந்தக் கொஞ்ச நாளைத் தவறவிடாமல் இருக்கத்தான். பதம் இருக்கும் அந்த நாள்களில் நீங்கள் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள், ஊரும் கோவிக்காது. காரணம், அது உங்களுக்கு வேலை நாள் என்று ஊருக்கே தெரியும். ஆபீஸ்காரருக்கும் மாணவிக்கும் அந்த வசதி இல்லை. அவர்கள் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

எழுத ஆசைப்படுபவர், கோவில்பட்டி

கேள்வி: நாவல் எழுதணும். வேலைக்குப் போறதால நேரம் இல்ல. வேலையை விட்டுறலாமா?

பதில்: விடாதீர்கள், பசியோடு எழுதினால் நாவல் சீக்கிரம் முடிந்துவிடும். இடைசெவல் கி.ராஜநாராயணன் சம்சாரியாக இருந்து, முப்பது வயது தாண்டித்தான் கதை எழுத வந்தார். பூமணி கூட்டுறவுத் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுத வந்தவர். பின்னால் 'அஞ்ஞாடி'யை ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதினார். சோ.தர்மன் பஞ்சாலைத் தொழிலாளி. தேவதச்சன் உங்கள் ஊரில் நகைக்கடை வைத்துக்கொண்டு கவிதை எழுதினார். இவர்களில் மூன்று பேருக்கு சாகித்ய அகாதெமி விருது.

இவர்கள் அரட்டை அடிக்காதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கோவில்பட்டியில் எழுத்தாளர்கள் ராத்திரி ராத்திரியாகப் பேசிய பேச்சுக்குத் தமிழ்நாடு முழுக்கப் பெயர் உண்டு. பேச்சு எல்லாம் வீண் இல்லை. பேசிவிட்டு வீட்டுக்குப் போனதும் எழுதத் தோன்றினால் அது துணை. தூங்கத் தோன்றினால் அது அரட்டை.

பெயர் வேண்டாம், நாகலாபுரம்

கேள்வி: எல்லாம் சரி. யாராவது கேட்டுட்டா 'முடியாது'ன்னு சொல்ல வாய் வர மாட்டேங்குது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.

பதில்: 'முடியாது' நம் ஊரில் கெட்ட வார்த்தை. சொல்ல வேண்டாம். அதற்குப் பதில் நேரம் சொல்லுங்கள்: "இப்ப இல்ல, ஏழு மணிக்கு." 'முடியாது' என்றால் உறவு முறியும், 'அப்புறம்' என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், 'ஏழு மணிக்கு' என்றால் மறுக்க ஒன்றுமில்லை. உண்மையில் வேலை இருப்பவர் ஏழு மணிக்கு வருவார். சும்மா வந்தவர் ஏழு மணிக்கு வேறு வீட்டில் இருப்பார். ஒரே நிபந்தனை: ஏழு மணி என்று சொன்னால் ஏழு மணிக்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும். ஒரு தடவை ஏமாற்றினால் அடுத்த தடவை நேராக உங்கள் அடுப்படிக்கே வந்துவிடுவார்.

இந்த வாரம் வாசகர்கள் எல்லோருக்கும் ஒரே வேலை: ஒரு நாளில் எந்த ஒரு மணி நேரம் உங்களுடையது என்று முடிவு செய்து, வீட்டில் இருப்பவர்களிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மனதுக்குள் போட்ட கோடு அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்த வாரக் கேள்விகளைப் போஸ்ட் கார்டில் எழுதுங்கள், ஐம்பது பைசாதான். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்பில் அனுப்பினால் பதில் கிடைக்காது.